குழந்தைக்குத் தள்ளுவண்டி: வாங்கலாமா, வேண்டாமா? ஒரு சிறு வரலாறு



நம் குடியிருப்பில் இந்த ஆண்டு தலைப்பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் சில உண்டு. வாழ்த்துகள். அந்த வீடுகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் ஒன்று, குழந்தைக்கு எந்தத் தள்ளுவண்டி வாங்குவது என்பது. கடையில் மூவாயிரம், நாலாயிரத்துக்கும் வண்டி இருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் போட்டதென்றால் லட்சத்தையும் தாண்டுகிறது. "முதல் குழந்தை, இதில் போய்க் கணக்குப் பார்ப்பதா?" என்று ஒரு பக்கம். "நாங்களெல்லாம் வண்டியிலா வளர்ந்தோம்?" என்று பெரியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இந்த வண்டி எங்கிருந்து வந்தது, நம்மூரில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால், முடிவெடுக்கக் கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஆட்டுக்குட்டி இழுத்த வண்டி

குழந்தைக்கென்று தனியாகச் செய்த வண்டிகளில் பெயர்பெற்றது 1733-ல் இங்கிலாந்தில் உருவானது. டெவன்ஷையர் பிரபு தன் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் சொல்லிச் செய்தார். சிப்பி வடிவத்தில் கூடை, அதன் கீழே சக்கரங்கள். அதைத் தள்ளவில்லை, ஓர் ஆட்டையோ சிறிய குதிரையையோ பூட்டி இழுத்தார்கள். பிரபுவின் தோட்டத்தில் வழவழப்பான பாதை இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. வண்டி அந்த வசதிக்கு ஏற்ற விளையாட்டுப் பொருள்.

அடுத்த நூற்றாண்டில் கைப்பிடி வைத்துத் தள்ளும் வண்டிகள் வந்தன. 'பெராம்புலேட்டர்' என்ற நீண்ட பெயர் 'ப்ராம்' என்று சுருங்கியது. இங்கிலாந்தில் 1877-ல் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனம் இன்றும் வண்டி விற்கிறது. 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். குழந்தை படுக்கும் கூடையைத் திருப்பி, தள்ளுகிறவரின் முகத்தைப் பார்க்கும்படி வைக்கலாம் என்பது அவர் கண்டது. இன்று விலை உயர்ந்த வண்டிகளின் விளம்பரத்தில் 'குழந்தை உங்களைப் பார்த்தபடி வரலாம்' என்று பெரிதாகப் போடுகிறார்களே, அந்த வசதிக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல்.

நமக்கு அதிகம் பயன்படும் மாற்றம் 1965-ல் வந்தது. ஓவன் மெக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். அவருடைய மகள் கைக்குழந்தையோடு பயணம் செய்கையில் கனமான வண்டியை வைத்துக்கொண்டு பட்ட சிரமத்தைப் பார்த்தார். அலுமினியக் குழாய்களில், குடைபோல மடிக்கும் வண்டியை வடிவமைத்து, அந்த ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று நாம் 'ஸ்ட்ரோலர்' என்று சொல்லும் மடக்கு வண்டிகளுக்கெல்லாம் வழிகாட்டி அதுதான். பேரப்பிள்ளைக்காக ஒரு தாத்தா செய்தது, பகட்டுக்குச் செய்ததல்ல.

புதுச்சேரியில் தள்ளப்பட்டவர்கள் பெரியவர்கள்

நம் புதுச்சேரிக்கும் தள்ளுவண்டி வரலாறு ஒன்று உண்டு. ஆனால் அதில் உட்கார்ந்தவை குழந்தைகள் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதிகாரிகளும் வசதியானவர்களும் 'பூஸ்-பூஸ்' என்ற வண்டியில் போவார்கள். புஷ்-புஷ் என்றும் சொல்வதுண்டு. 'பூஸே' என்றால் பிரெஞ்சில் தள்ளுவது. துரை முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பியைப் பிடித்து வண்டியைத் திருப்புவார். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவில் இதே பெயர் கையால் இழுக்கும் ரிக்‌ஷாவைக் குறித்தது. நம்மூரில்தான் பெயருக்கேற்றபடி தள்ளினார்கள். பாரதி பூங்காவுக்கு அருகே உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகளோடு அதையும் பார்க்கலாம். பிரெஞ்சில் குழந்தை வண்டிக்கு இன்றைய பெயர் 'பூஸெத்'. அதே சொல்லின் குட்டி.

அந்த வண்டி ஏன் நகரத்தில் ஓடியது? நேர்நேரான தெருக்கள், சமதரை, தள்ளக் கூலிக்கு ஆள். வில்லியனூரிலும் பாகூரிலும் நிலைமை வேறு. 1880-ல் பிரெஞ்சு அரசு கொம்யூன்களை உருவாக்கியபோதே நம் இரண்டு ஊர்களும் தனிக் கொம்யூன்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இங்கே நெல்லும் கரும்பும் ஏரியும் வாய்க்காலும்தான். வரப்பில் எந்தச் சக்கரம் உருளும்? பிள்ளை அம்மாவின் இடுப்பில் போனது. நடவுக்குப் போன பெண்கள் வயலோரத்து மரக்கிளையில் பழைய நூல்புடவையால் ஏணை கட்டினார்கள். வீட்டில் உத்தரத்தில் தூளி. செலவில்லை, துவைக்கலாம், காற்று போகும், பிள்ளை தூங்கும். ஊருக்கு எது பொருந்தியதோ அதை வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளை நிற்கத் தொடங்கியதும் நடைவண்டி வந்தது. மூன்று சக்கரம், மரச்சட்டம். தேர்த் திருவிழாக் கடையில் வாங்குவார்கள். இங்கே ஒரு வேடிக்கை. மேல்நாட்டு வண்டியில் குழந்தை உட்காரும், பெரியவர் தள்ளுவார். நம் நடைவண்டியில் குழந்தைதான் தள்ளும், பெரியவர் பின்னால் ஓடுவார். இது மிகப் பழைய வழக்கம். சங்க நூலான பட்டினப்பாலையிலேயே காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டி விளையாடும் காட்சி வருகிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த நடைவண்டியையும், குழந்தையை நடுவில் உட்காரவைத்து நாலாபக்கமும் உருளும் பிளாஸ்டிக் வாக்கரையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். வாக்கரில் குழந்தை படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்து உண்டு. கனடா நாட்டில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

முன்கூட்டி ஏன் வாங்கவில்லை?

நம் பாட்டிமார் குழந்தை பிறக்கும் முன் எதையும் வாங்க விடமாட்டார்கள். முதல் சட்டைகூட நன்றாக வளர்ந்த வேறு பிள்ளை போட்ட பழைய சட்டையாக இருக்க வேண்டும் என்பார்கள். மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1971-ல் இந்தியாவில் 1,000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயது முடிவதற்குள் 129 குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. ஆசையாக வாங்கி வைத்த பொருளை வெறும் கையோடு பார்க்கும் துயரம் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்! 2020-ல் அந்த எண் 28 ஆகக் குறைந்துவிட்டது. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் சுத்தமான தண்ணீரும் செய்த வேலை. இன்று இளம் தம்பதிகள் தைரியமாக முன்கூட்டியே வண்டி வாங்குகிறார்கள் என்றால், அந்தத் தைரியம் கிடைத்ததே பெரிய விஷயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பழைய சட்டை வழக்கத்தில் இன்னொரு நல்லதும் இருந்தது. பொருள் வீட்டுக்கு வீடு கைமாறியது. ஒரே தொட்டிலில் அக்காள் பிள்ளை, தங்கை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாம் வளர்ந்தார்கள்.

யார் பணம்?

இனி மனசில் இருப்பதைச் சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பு, மருத்துவமனை, பிறகு குழந்தைக்கு அரைஞாண், கொலுசு, காப்பு, தொட்டில். இப்போது அந்தச் சீர் வரிசையில் தள்ளுவண்டியும் மெல்ல ஏறி உட்கார்கிறது. வங்கிக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெண்ணின் பிரசவச் செலவுக்காக அம்மாவின் வளையலை நகைக்கடனுக்கு வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் மகளிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே விலை உயர்ந்த வண்டிதான் வேண்டும் என்றால், அது கணவனும் மனைவியும் சம்பாதித்த பணமாக இருக்கட்டும். தாய்வீட்டார் கேட்டால், "அந்த இருபத்துநாலாயிரத்தைக் குழந்தை பெயரில் வைப்பில் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய் வண்டிக்கும் ஆறாயிரம் ரூபாய் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டால், 18 ஆண்டில் சுமார் 81,000 ஆகும். கல்லூரியில் சேரும்போது கையில் இருக்கும். பெண் குழந்தை என்றால் 2015-ல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது.

ஒரு தடவைக்கு எவ்வளவு?

வாங்குவதற்கு முன் வணிகவியல் மாணவர் போடும் ஒரு கணக்கைப் போடுங்கள். விலையைப் பயன்படுத்தும் தடவைகளால் வகுக்க வேண்டும். இரண்டு வருடம், வாரம் இரண்டு தடவை என்றால் சுமார் 200 தடவை. முப்பதாயிரம் ரூபாய் வண்டி என்றால் ஒவ்வொரு தடவைக்கும் 150 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் வண்டி என்றால் 30 ரூபாய். தினமும் தள்ளிக்கொண்டு போவீர்கள் என்றால் விலை உயர்ந்த வண்டியும் 41 ரூபாய்க்கு வந்துவிடும். அப்போது அது வீண் செலவு இல்லை. உண்மையான கேள்வி, நீங்கள் தினமும் தள்ளப்போகும் பாதை எது என்பதுதான்.

கேட்டைத் தாண்டி ஒரு நாள் நடந்து பாருங்கள். வேகத்தடை, பெயர்ந்த வாய்க்கால் பலகை, மணல், தெருநாய், எதிரே வரும் டூவீலர். இந்தத் தெருவில் சின்னச் சக்கர வண்டி சிக்கிக்கொள்ளும். பெரிய சக்கரமும் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கும் உள்ள வண்டி போகும். ஆனால் அதன் கனத்தை டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏற்ற முடியாது. மாலையில் வாகனம் விடாத புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு எந்த வண்டியும் பொருந்தும். அங்கே மாதம் எத்தனை தடவை போவீர்கள்? விலை எதுவானாலும் மூன்றைப் பாருங்கள். கழுத்து நிற்காத முதல் மாதங்களில் குழந்தை தட்டையாகப் படுக்க வசதி இருக்கிறதா, தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பட்டை இருக்கிறதா, சக்கரப் பூட்டு உறுதியாக நிற்கிறதா. இந்த மூன்றும் குறைந்த விலை வண்டிகள் சிலவற்றிலேயே கிடைக்கும்.

தேரும் தெருவும்

வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் வைகாசியில் நடக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். தேர் நகர்வதற்கு முன் மாடவீதிகளில் என்ன நடக்கும்? பள்ளத்தை நிரப்புவார்கள், குறுக்கே போகும் கம்பியைக் கழற்றுவார்கள், முட்டுக்கட்டைக்கு ஆட்கள் தயாராக நிற்பார்கள். தெருவைச் சரிசெய்த பிறகுதான் தேர் நகரும்.

நம் குடியிருப்பில் இது தலைகீழாக இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே மூன்று தள்ளுவண்டிகள் தூசி படிந்து நிற்கின்றன. பின்வாசலில் மூன்று படி, சாய்தளம் கிடையாது. குழந்தையை ஒரு கையில் தூக்கி, வண்டியை இன்னொரு கையில் இறக்கும் தாய் ஒரு வாரத்தில் சலித்துப்போவாள். அதன் பிறகு அந்த வண்டி முப்பதாயிரமாக இருந்தால் என்ன, மூவாயிரமாக இருந்தால் என்ன?

எனவே சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, வரும் பொதுக்குழுவில் பின்வாசல் சாய்தளத்தைப் பொருளாக வைக்க வேண்டும். குழந்தை வண்டிக்கு மட்டுமல்ல, சக்கர நாற்காலியில் இருக்கும் நம் பெரியவர்களுக்கும், தண்ணீர் கேன் கொண்டுவரும் தம்பிக்கும் அது வேண்டும். இரண்டு, அந்த மூன்று வண்டிகளின் சொந்தக்காரர்கள் சம்மதித்தால் அவற்றைச் சுத்தம் செய்து, பிரேக்கும் பட்டையும் சோதித்து, சங்க அலுவலகத்தில் வைக்கலாம். புதிதாகப் பெற்றோர் ஆகிறவர்கள் ஒரு மாதம் எடுத்துத் தள்ளிப் பார்க்கட்டும். பிடித்திருந்தால் பிறகு தங்கள் விருப்பப்படி வாங்கிக்கொள்ளட்டும். வண்டி தருகிறவர்களும், சாய்தளத்துக்குக் கையெழுத்திடுகிறவர்களும் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் நல்ல உடல்நலம் கிடைக்கட்டும்.