எகோலி

ஜோகன்னஸ்பர்க் நகருக்குச் சூலு மொழியில் வழங்கும் பெயர். ‘எ’ இடத்தைக் குறிக்கும் முன்னொட்டு, ‘கோலி’ பொன். இந்தக் ‘கோலி’ ஐரோப்பிய மொழி வழியே சூலுவுக்குள் வந்த சொல். ஆக, பொன் விளையும் ஊர். 1886இல் லாங்லாக்டே பண்ணையில் தங்கப்பாறை தென்பட்ட பிறகே இங்கே நகரம் எழுந்தது. பாறையை அரைத்துப் பொன்னெடுத்தபின் கொட்டிய மஞ்சள் மண்மேடுகள் தெற்கே இன்னும் நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். சுரங்கத்தில் இறங்கியவர்கள் பேசிய மொழிகளுள் ஒன்று தந்த பெயர் என்பதால், எனக்கு எகோலி என்பதே உரிய பெயராகப் படுகிறது. இந்நகரில் காந்தியும் மண்டேலாவும் அடைபட்ட பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் இப்போது அரசியல் சாசன நீதிமன்றம் நடக்கிறது. இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கற்களையே அதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் 1914இல் மறைந்ததும் இந்த ஊரில்தான்.