ரபி யூதா ஹநாசியும் யூதரின் எழுதாமறையும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், பலாபத்வலையைச் சென்றடையுமுன் அலுவிகாரைக் குன்றுகள் எதிர்ப்படும். பல தலைமுறைகளாக மனனஞ் செய்து ஓதப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இக்குகைகளிலேயே என்பது இலங்கைப் பௌத்த மரபு. கி.மு. 103இல் தமிழ்ப் படைத்தலைவர்கள் அநுராதபுர அரசைக் கைப்பற்றினர். கடும் பஞ்சமும் நாட்டை வாட்டியது. கி.மு. 89இல் வட்டகாமணி அபயன் மீண்டும் அரியணை ஏறினான். அவனது ஆட்சியில், மக்கள் நலிவுறுவதைக் கண்ட பிக்குகள் சமயம் நிலைபெறும்பொருட்டு அதனை நூல்களில் எழுதுவித்தனர் என மகாவம்சம் கூறுகின்றது. ஓதுவார் மாண்டால் அவர்தம் நெஞ்சிலுள்ள நூலும் மாளும் என்ற அச்சமே அச்செயலுக்குக் காரணமாயிற்று.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின், மேற்காசியாவின் கலிலேய நாட்டில் வாழ்ந்த யூத ஆசிரியர் ஒருவரையும் இதே அச்சம் ஆட்கொண்டது. அவரே ரபி யூதா ஹநாசி. இயேசுநாதர் பிறந்த இனம் என்றளவிலேயே யூதரை அறிந்த நம்மவருள் பலர் இவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். எனினும், நாடிழந்த ஓர் இனம் தன் அறிவை இழவாதிருந்த வரலாற்றை அறிய விழைவோர் இவரை அறிதல் இன்றியமையாதது.

வேதத்தை எழுதாமறை என வழங்குவது நம் மரபு. யூதரிடையே மறை இருவகைப்பட்டது. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோரா எழுதப்பட்டது. அதன் பொருளை விளக்கும் மரபோ ஆசிரியர் வாயிலாக மாணாக்கர் செவிக்கு வருவது. வாயால் உரைக்கப்பட்டதை எழுத்தில் வடித்தல் ஆகாது என்று அவர்கள் கருதினர். இவ்வாய்மொழி மறையின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஓய்வுநாளில் வேலை செய்யலாகாது என்பது தோராவின் கட்டளை. ஆனால், வேலை என்பது யாது? உழுதல், விதைத்தல், அறுவடை செய்தல், நெய்தல், எழுதுதல், எழுதியதை அழித்தல் என 39 தொழில்களை வாய்மொழி மரபே வகுத்துரைத்தது. அம்மரபு அற்றுப்போயின் எழுதப்பட்ட கட்டளையும் பொருளற்றதாகிவிடும்.

அத்தகைய ஆபத்து விரைவிலேயே நேர்ந்தது. கி.பி. 70இல் உரோமப் படைத்தலைவன் தீத்து எருசலேம் ஆலயத்தை அழித்தான். கி.பி. 132 முதல் 135 வரை நிகழ்ந்த பார் கொக்பாவின் கிளர்ச்சியைப் பேரரசன் ஹாட்ரியன் கொடூரமாக அடக்கினான். எருசலேமினுள் யூதர் நுழைதல் தடைசெய்யப்பட்டது. நகரின் பெயரும் மாற்றப்பட்டது. தலைசிறந்த ஆசிரியரான ரபி அக்கிவா கொல்லப்பட்டார். அக்கிவா இறந்த அன்றே யூதா பிறந்தார் என்கிறது தல்மூத். நாட்கணக்கில் இது பொருந்துமோ என ஆராய்வதிலும், ஒரு விளக்கு அணையுமுன் மறுவிளக்கு ஏற்றப்பட்டது என்று நம்ப விரும்பிய மக்களின் உள்ளத்தை இதில் காண்பதே பொருத்தமாகும்.

யூதா, புகழ்பெற்ற ஹில்லேலின் வழித்தோன்றல். தந்தையார் சிமியோனைத் தொடர்ந்து யூதரின் தலைமைப் பதவியை ஏற்றார். ஹநாசி என்பது தலைவர் எனப் பொருள்படும் பட்டமே. பெத் ஷெயாரிம் என்னும் ஊரிலும் பின்னர் செப்போரிசு நகரிலும் வாழ்ந்தார். பெருஞ்செல்வரான இவருக்கு உரோமப் பேரரசன் அந்தோனினு நண்பனாயிருந்தான் என மரபுக்கதைகள் கூறும். எந்தப் பேரரசன் அவன் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. பெயர் சுட்டாது ரபி என்றாலே இவரைக் குறிக்குமளவுக்கு இவரது பெருமை ஓங்கியிருந்தது.

மொழிப்பற்றிலும் அவர் தனித்து விளங்கினார். மக்கள் வழக்கில் அரமேயம் பரவியிருந்த அக்காலத்தில் எபிரேயத்தையோ கிரேக்கத்தையோ பேசுமாறு அவர் வற்புறுத்தினார். வழக்கொழிந்த எபிரேயச் சொற்கள் சிலவற்றின் பொருளை அறியாது மயங்கிய மாணாக்கர், அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் பேச்சிலிருந்து அவற்றை அறிந்துகொண்டனர் என்பது சுவையான செய்தி. ஏட்டில் தேடியும் கிடைக்காத சொல் அடுக்களையில் உயிரோடிருத்தல் தமிழருக்கும் புதிதன்று.

ஏறத்தாழ கி.பி. 200இல் அவர் தொகுத்து முடித்த பெருநூலே மிஷ்னா. அது ஆறு பிரிவுகளையும் 63 உட்பிரிவுகளையும் உடையது. வேளாண்மை, திருநாள், மணவாழ்வு, வழக்கும் இழப்பீடும், ஆலயப் பலி, தூய்மை ஆகியன அதன் பொருள்கள். ஆலயம் அழிந்து நூறாண்டுக்கு மேலாகியும், ஆலயப் பலிக்கென ஒரு பிரிவை வகுத்தமை சிந்தனைக்குரியது. கல்லால் எழுந்த ஆலயம் வீழ்ந்தபின் சொல்லால் ஓர் ஆலயத்தை அவர் எழுப்பினார் எனலாம். மாணாக்கர் அருகுவதையும் துன்பங்கள் பெருகுவதையும் மக்கள் சிதறுவதையும் கண்டே அவர் இப்பணியை மேற்கொண்டார் எனப் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிசு விளக்குவார். அத்தொகுப்பு அவர் காலத்திலேயே ஏட்டில் எழுதப்பட்டதா, ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவில் மனனமாகவே வழங்கிற்றா என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர்.

மிஷ்னாவின் தலையாய சிறப்பு அதன் தொகுப்பு முறையிலேயே உளது. ஹில்லேல் வழியினரும் ஷம்மாய் வழியினரும் எண்ணிறந்த பொருள்களில் மாறுபட்டனர். பெரும்பாலும் ஹில்லேல் வழியினர் கருத்தே ஏற்கப்பட்டது. எனினும், ஹில்லேலின் மரபில் வந்த யூதா மாற்றுக் கட்சியினரின் கருத்துகளை நீக்கவில்லை. அவற்றையும் உரியோர் பெயருடன் தொகுப்பில் வைத்தார். சிறுபான்மையோர் கருத்தைப் பதிவதேன் என்ற வினாவை மிஷ்னாவே எழுப்பி, பிற்காலத்து நீதிமன்றம் ஒன்று அதனைத் துணையாகக் கொள்ளக்கூடும் என விடை கூறுகின்றது. இன்று தோற்ற கருத்து நாளை வேண்டப்படலாம் என்னும் இத்தொலைநோக்கு, தொகுப்பாசிரியர் எவருக்கும் உரிய பேரறம் என்பது எமது துணிபு.

இத்தகையவரையும் குறையற்றவராக மரபு காட்டவில்லை. பஞ்சமொன்றில் அவர் தம் களஞ்சியத்தைத் திறந்தபோது கற்றவருக்கு மட்டுமே உணவு என்றார். யோனத்தான் என்னும் கற்றறிந்த மாணாக்கர் தம் கல்வியை மறைத்து, நாய்க்கும் காகத்துக்கும் இடுவதுபோல் தமக்கும் இடுமாறு இரந்து உணவு பெற்றார். உண்மையறிந்த ரபி அன்றுமுதல் எல்லார்க்கும் களஞ்சியத்தைத் திறந்தார். மற்றொருகால், கொலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கன்று ஒன்று அவர் ஆடையில் தலைபுதைத்து அழுதது. அதற்காகவே நீ படைக்கப்பட்டாய் என்று கூறி அதனை அனுப்பினார். அவ்விரக்கமின்மையால் நோயுற்றுப் பல்லாண்டுகள் வருந்தினார் என்றும், வீட்டில் கிடந்த சிறு விலங்கின் குட்டிகளைப் பணிப்பெண் பெருக்கித் தள்ள முற்பட்டபோது அவற்றுக்கு இரங்கித் தடுத்தபின்னரே நோய் நீங்கிற்று என்றும் தல்மூத் கூறும். பசுக்கன்றின்பொருட்டு மகனையே தண்டித்த எல்லாளன் கதையை மகாவம்சத்தில் படித்த நமக்கு இக்கதையின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

கி.பி. 217ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார். அவர் தொகுத்த நூலின்மீது எழுந்த விவாதங்களே எருசலேம் தல்மூத், பாபிலோனியத் தல்மூத் என இரு பெருந்தொகுதிகளாயின. 1242இல் பாரிசு நகரில் இருபத்துநான்கு வண்டிப் பாரத் தல்மூத் ஏடுகள் எரியூட்டப்பட்டன. ஏட்டிலேறிய அறிவுக்கும் அழிவுண்டு என்பதை நாமும் அறிவோம். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அலுவிகாரையின் பழைய ஏடுகள் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின.

அவ்வாறாயின் மறதியை வெல்லும் வழி யாது? தாம் ஆசிரியரிடம் மிகுதியும் கற்றதாகவும், உடன்பயின்றாரிடம் அதனினும் மிகுதியாகவும், மாணாக்கரிடமே யாவற்றினும் மிகுதியாகவும் கற்றதாகவும் ரபி யூதா கூறினார் என்பர். விடை இதிலேயே உளது. நெஞ்சில் நின்றது அழியுமென அஞ்சி ஏட்டில் எழுதினர்; ஏடு எரிந்தபோது நெஞ்சில் நின்றதே மீண்டும் எழுத உதவிற்று. ஒன்றுக்கொன்று காவலாக இரண்டையும் பேணும் இனத்திடமே அறிவு தங்கும். நூலைத் தொகுத்தலும் காத்தலும் முன்னோர் கடன். அதனை ஓதி, வினவி, மாறுபட்டு, அடுத்தவர்க்கு உரைத்தல் மாணாக்கராகிய நம் கடனாகும்.