சும்ஹுரத்தில் ஒரு கீரன்

ஓமானின் தென்கோடியில், சலாலா நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் கோர் ரோரி என்னும் காயல் உள்ளது. அதன் கரையில் இடிபாடாக நிற்கும் கோட்டை நகரே சும்ஹுரம். ஹத்ரமவுத் அரசர்கள் தம் தலைநகராகிய ஷப்வாவிலிருந்து மக்களைக் கொணர்ந்து இங்குக் குடியேற்றிய செய்தியை அந்நகர வாயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. தோஃபார் நிலத்து மரங்கள் தரும் 'லுபான்' என்னும் நறும்பிசினின் வணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்வதே அதன் நோக்கம். உரோமானியக் கோயில்களில் புகைந்த பிசின் அது.

2006-இல் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகக் குழு, இந்நகரின் குடியிருப்புப் பகுதியில் ஒரு பானையோட்டைக் கண்டெடுத்தது. அதிலிருப்பது தமிழ் பிராமி எழுத்து என்பது 2012-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. 'ணந்தை கீரன்' என்பது வாசகம், காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. 'அந்தை' மூத்தோர் பெயரோடு வரும் மதிப்பு ஒட்டு. கீரன் நமக்கு அயலான பெயரன்று. நக்கீரரும் பொருந்தில் இளங்கீரனாரும் அப்பெயரினரே.

இவ்வோட்டை வைத்து, அரேபியாவில் தமிழர் கோலோச்சினர் என்று முழங்குவது எளிது. ஓடு அதைச் சொல்லவில்லை. பானைக்குரியவன் கடல் கடந்தானா, பானை மட்டும் கடந்ததா என்பதைக்கூட அது சொல்லவில்லை. ஆனால் வேறொன்றைச் சொல்கிறது: பானை உடைந்தபின் அதன் தோட்பகுதியைச் செதுக்கி யாரோ மூடியாக்கியிருக்கிறார்கள். எனவே இது சரக்கோடு வந்து வீசியெறியப்பட்ட ஓடு மட்டுமன்று. வீட்டுப் புழக்கத்திலிருந்த பொருள். இந்தியச் சமையற்கலங்களும் இங்குக் கிடைத்துள்ளன.

இதற்கு ஒரு நூற்சான்றும் துணை நிற்கிறது. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'எரித்திரியக் கடற்செலவு', மோஸ்கா என்னும் துறைமுகத்தைக் குறிக்கிறது. அது சும்ஹுரமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சேரநாட்டுக் கரையிலிருந்தும் பரூச்சிலிருந்தும் பருவம் பிந்தித் திரும்பும் கப்பல்கள் அங்கே தங்கும். துணி, கோதுமை, நல்லெண்ணெய் ஆகியவற்றை அரசன் அலுவலரிடம் கொடுத்து, மாற்றாக நறும்பிசின் பெறும் என்கிறது அந்நூல். காற்று மாறும்வரை தங்கியவர்கள் உலையேற்றி உண்டிருக்க வேண்டுமன்றோ!

வாயிற் கல்லில் அரசன் பெயர், தென்னரபு எழுத்தில். வீட்டு மூடியில் ஒரு தமிழன் பெயர், தமிழ் பிராமியில். அரசன் தன் பெயர் நிலைக்கவேண்டுமென்றே கல்லில் பொறித்தான். கீரன் பெயரோ, தன் பானை பிறர் பானையோடு கலந்துவிடாதிருக்க எழுதப்பட்டிருக்கலாம். நம் பெருமைக்கு ஆட்சிக் கதை வேண்டியதில்லை. அரசனல்லாத ஒருவனின் பெயர், அவன் புழங்கிய பானையிலேயே எழுத்தாகியிருந்தது என்பதே போதிய பெருமை.