சுத்திக்குக் கேட்கும் ஓசை

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் என்னை வீடு கட்டும் கொத்தனாராகத்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் கற்ற தொழிலில் பாதி, கடலுக்கு மேல் கற்றது. 1980களில் இரண்டு ஆண்டு, பனி விட்டுக் கடல் அடங்கும் மாசி, பங்குனி மாதங்களில், வம்பாகீரப்பாளையத்துத் துறைமுகப் பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கிய சாரப் பலகையில் உட்கார்ந்து தூண்களைப் பழுது பார்த்தேன்.

முதல் நாள் மேஸ்திரி என் கையில் கரண்டியைக் கொடுக்கவில்லை. சின்னச் சுத்தி ஒன்றைக் கொடுத்து, "தட்டிக் கேளுடா" என்றார். நல்ல காங்கிரீட் ணங்கென்று பதில் சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் பொத்தென்று ஓசை அமுங்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; அந்த நெருக்கலில் காங்கிரீட் வெடித்து உதிரும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பகுதிக்கு அவ்வளவு ஆபத்தில்லை. அலை ஏறி இறங்கி, நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற அந்த ஓர் ஆள் உயரம்தான் முதலில் போகும். அங்கே தூணில் ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டி, பொத்தென்று ஒலித்த பகுதியைக் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிய பிறகே கலவை வைப்போம். கழுவாமல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையேறும்போது, வலை முடைந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுப்பேன். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் ஆழக் கடலிலேயே நங்கூரம் போட்டன. ஆளும் சரக்கும் படகில்தான் கரை சேர வேண்டியிருந்தது. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் 18-ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பில் வரும் சலங்கு என்ற படகுகள் அந்த வேலைக்கானவை. இந்தக் கரையில் ஓடிய மசூலாப் படகுகளில் ஆணி இருந்ததில்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் படகு நெளிந்து கொடுத்தது, உடையவில்லை. கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைத்தார்கள். பெரியவர் இளவயதில் அப்படித் தைத்தவர். "தையல் விட்டா நாங்களே தைச்சிக்குவோம் தம்பி. இதுல ஒண்ணு விட்டா நீ வெளியிலிருந்து வரணும்" என்று பாலத்தைக் காட்டினார்.

அவர் சொன்னதற்குச் சாட்சி, இப்போது காந்தி சிலை நிற்கும் இடத்துக்கு எதிரே கடலில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் அங்கே இரும்புப் பாலம் போட்டார்கள். 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு நம் பக்கத்து மணிலாப் பயறு கப்பலேறியது. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். 86 ஆண்டு நின்ற அந்தப் பாலத்தை 1952 புயல் கொண்டு போனது. இரும்புக் கால்களின் மிச்சங்கள் கடலில் நின்றன.

அதற்குப் பிறகு, தெற்கே தள்ளி, 1962-இல் வந்ததுதான் நான் பழுது பார்த்த பாலம். 2022 மார்ச்சில் கடல் கொந்தளித்தபோது அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செய்தி கேட்டதும் ஓடினேன். நான் தொங்கிய இடம் எது என்று கரையிலிருந்து தேடினேன், அடையாளம் தெரியவில்லை. ஊரே படமெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சுத்தியின் ஓசை காதில் கேட்டது.

1866, 1952, 1962, 2022. பாலங்களின் வரலாற்றைக் கேட்டால் ஊரார் இந்த நான்கு எண்களைச் சொல்வார்கள். கட்டிய ஆண்டும் விழுந்த ஆண்டும் அவை. நடுவில் துருவைச் சுரண்டியவர்கள், மழைக்கு முன் தட்டிப் பார்த்தவர்கள் எந்த எண்ணிலும் இல்லை. தைத்த படகு அத்தனை நூற்றாண்டு ஓடியது கயிற்றின் பலத்தால் மட்டுமல்ல. அதைத் தைக்கத் தெரிந்த கை மீனவர் குப்பத்திலேயே இருந்தது. இனி இந்தக் கரையில் எதைக் கட்டினாலும், பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கு முதலில் அதைத் தட்டிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். என் சுத்தி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.