வளையல் பெட்டியும் கண்ணாடிக் கவுண்டரும்



"அழகுப் பொருள் விற்பது கல்யாணம் ஆகும்வரை செய்கிற வேலை, அது ஒரு தொழிலே அல்ல" என்று எனக்கு முன்னால் பேசிய தங்கை சொன்னார், நல்ல கைதட்டலும் வாங்கினார். 1980-ல் என் அப்பா சொன்னதும் இதையேதான். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர் அவர். "பவுடர் விக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார். நான் 42 ஆண்டுகள் விற்றேன். ஆனால் என் பெருமையைப் பேச இங்கே வரவில்லை. இந்தத் தொழிலுக்கு மலாக்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால், எத்தனை பெண்கள் இதை வாழ்நாள் தொழிலாக்கினார்கள், எத்தனை பேருக்கு அது கைகூடாமல் போனது என்று புரியும்.

மலாயாவில் ரப்பரை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது நம் மாநிலத்தில்தான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் தொடங்கிவைத்தார். பிறகு புக்கிட் ஆசஹான் வந்தது. அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று காடெல்லாம் தோட்டமானது, கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1920-களின் கடைசியில் தோட்டக் கூலியை அரசாங்கம் நிர்ணயித்தபோது, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த நாற்பது காசில் அரிசியும் கருவாடும் போக மிஞ்சியது என்ன? மிஞ்சியதில் அவள் தனக்கென்று வாங்கியவை கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, கண்மை, ரிப்பன் என்று நான்கைந்து சாமான்கள்தான்.

இவற்றைக் கொண்டுவந்து விற்றவர் வளையல்காரர். சம்பள நாளன்று லயத்து வாசலில் பெட்டியை இறக்குவார். என் சிறுவயதில்கூட வந்துகொண்டிருந்தார்கள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தே அளவு சொல்வார். விரல் முட்டியை மெதுவாக அழுத்தி, ஒரு வளையலும் உடையாமல் ஏற்றுவார். போன தீபாவளிக்கு எந்த வீட்டுப் பெண் என்ன நிறம் வாங்கினாள், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். வாடிக்கையாளரை அறிவது, சரக்கை அறிவது, கணக்கை அறிவது என்று பின்னாளில் எனக்குக் கோலாலம்பூர் ஹோட்டலில் குளிரூட்டிய அறையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். நான் அதை வளையல்காரரிடமே பார்த்துவிட்டேன். பயிற்சியில் சாப்பாடு நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நோட்டு ஆண்கள் கையில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வாங்கியது பெண், விற்றது ஆண். இது எப்போது மாறியது?

அதற்குக் கொஞ்சம் அமெரிக்கா பக்கம் போய்வர வேண்டும். 1886-ல் நியூயார்க்கில் டேவிட் மெக்கானல் என்பவர் வீடு வீடாகப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். புத்தகத்தோடு இலவசமாகக் கொடுத்த வாசனைத் திரவியத்துக்குத்தான் பெண்களிடம் கிராக்கி என்று கண்டதும் அவர் வாசனைத் திரவிய வியாபாரத்தில் இறங்கிவிட்டார். அவருடைய முதல் விற்பனை முகவர் திருமதி ஆல்பி என்ற பெண்மணி. அப்போது அவருக்கு வயது ஐம்பது. அந்த நிறுவனம்தான் 1939-ல் ஏவோன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெண்ணே பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போய் விற்கும் அந்த முறை 1970-களில் நம் நாட்டுக்கும் வந்தது. ஆம்வே இங்கே கால் வைத்தது 1976-ல்.

அதே காலத்தில் மலாக்காவில் இன்னொன்றும் நடந்தது. 1971-ல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது, பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. விடியற்காலையில் தொழிற்சாலைப் பஸ் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். அம்மா பெரட்டுக்குப் போவாள், மகள் பஸ் ஏறுவாள். மகளுக்கு மாதச் சம்பளம், அதுவும் அவள் பெயரில். பஸ்ஸில் ஒரு கைப்பையிலிருந்து இன்னொரு கைப்பைக்கு உதட்டுச்சாயப் பட்டியல் புத்தகம் மாறும். மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாதவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து கூட்டுக் கட்டி வாங்குவார்கள். இதில் ஒரு வேடிக்கை, 1971-லேயே அதைத் தடைசெய்து சட்டம் போட்டாயிற்று. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. தமிழுக்கு நாடாளுமன்றத்தில் இப்படியும் ஓர் இடம்! தடை இருந்தும் லயத்தில் கூட்டு நின்றபாடில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். முப்பது ஆண்டுகள் பட்டியல் புத்தகத்தோடு நடந்தார். சுங்கை ரம்பையிலிருந்து தெபோங் வரை அவரைத் தெரியாத வீடு கிடையாது. விற்பனையில் என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர். நான் பட்டணத்தில் ஒரு கடையில் மாதச் சம்பளத்துக்குப் போனபோது, "கை நீட்டிச் சம்பளம் வாங்குறியே, என்னைப் போல சொந்தமா செய்யேன்" என்று சிரித்தார். சில மாதங்களில் அவர் சம்பாதித்தது என் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அவருக்கு 55 வயதானபோது சேமநிதியில் ஒரு காசு இல்லை. காரணம் எளிது. முகவர் என்பவர் சட்டப்படி தொழிலாளி அல்லர். ஊழியர் சேமநிதி 1951-ல் சட்டமானபோது முதலாளி 5 விழுக்காடு, தொழிலாளி 5 விழுக்காடு போட்டார்கள். இன்று தொழிலாளி பங்கு 11, ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி பங்கு 13. அக்காவுக்கு முதலாளியே கிடையாது, சொக்சோவும் கிடையாது. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல்தான் வந்தது. சேமநிதியில் அவர்கள் தாங்களாகப் பணம் போட்டால் அரசாங்கமும் ஊக்கத்தொகை சேர்க்கும் 'ஐ-சாரான்' திட்டம் அதற்குப் பிறகு வந்தது. அக்காவுக்கு எதுவுமே காலத்தில் கிடைக்கவில்லை.

கடையில் இருந்த நானும் ஒன்றும் தெரிந்தவளாக இருக்கவில்லை. என் முதல் கடையில் அடிப்படைச் சம்பளம் 220 வெள்ளி. நல்ல மாதத்தில் கமிஷன் அதையும் தாண்டும். முதலாளி 220-க்கு மட்டும் சேமநிதி கட்டினார். ஊழியருக்குக் கொடுக்கும் கமிஷனும் சேமநிதிக் கணக்கில் சேர வேண்டிய சம்பளம்தான், மிகைநேரப் பணத்துக்குத்தான் விலக்கு. இதை எனக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கிராணி. அதற்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. எதிரணித் தங்கையே, இந்த வேலை தொழிலாகாமல் போனால் அது பெண்ணின் குறையல்ல. சம்பளச் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

1994-ல் மக்கோத்தா பரேட் திறந்தது. எங்களுக்கு அது புது உலகம். காலை பத்து மணி முதல் இரவு பத்து வரை விளக்கு, குளிர்காற்று, கண்ணாடி. ஜாலான் பெண்டஹாரா கடையில் வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுத்தோம். இங்கே அவர்களே எடுத்துப் பார்க்கிறார்கள், முகத்தில் பூசிப் பார்க்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள் பலர் இரண்டு வருடத்தில் நின்றுவிட்டார்கள். நிலைத்தவர்கள் பின்னறைக்குப் போகத் துணிந்தவர்கள். காலாவதித் தேதி முந்திய சரக்கை முன்னால் அடுக்குவது, கடை மூடியபின் நள்ளிரவு வரை சரக்கு எண்ணுவது, கணக்குக்கும் அலமாரிக்கும் உள்ள வித்தியாசம் திருட்டா, உடைசலா, எழுத்துப் பிழையா என்று கண்டுபிடிப்பது, நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் யாருக்கு லீவு என்று சண்டையில்லாமல் அட்டவணை போடுவது எல்லாம் அங்கேதான். கவுண்டரில் நின்றவள் மேற்பார்வையாளரானதும், மேற்பார்வையாளர் கடை நிர்வாகியானதும் அந்தப் பின்னறை வழியாகத்தான்.

பெரிய இடத்திலும் இதே பாதை உண்டு. 1952-ல் தொடங்கிய லக்மே நிறுவனத்தில் 1961-ல் சீமோன் டாட்டா பொறுப்பேற்றார், 1982-ல் தலைவரானார். 1998-ல் லக்மேயை விற்றுவிட்டு டிரெண்ட் என்ற பெயரில் வெஸ்ட்சைட் கடைகளை ஆரம்பித்தார்கள். ஒப்பனையிலிருந்து கடை நிர்வாகத்துக்கு ஒரே தாவல். அவர் டாட்டா வீட்டு மருமகள், நமக்கு அந்த வசதி கிடையாது என்பதும் உண்மைதான்.

நான் வெட்கப்படும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் டார்கெட்டில் பெரும்பங்கு வெள்ளையாக்கும் கிரீம். இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-ல். 2020-ல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று டுரியான் துங்கலிலிருந்து, காடேக்கிலிருந்து அம்மாக்கள் மகளைக் கூட்டிவருவார்கள். அந்தப் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கும். என் நிறம்தான் அவர்களுக்கும். நான் கிரீமை எடுத்துக் கொடுத்தேன், பல ஆண்டுகள் கொடுத்தேன்.

அந்தக் கிரீமாவது கடைச் சரக்கு. பாசார் மாலாமில் பெயர் தெரியாத டப்பாக்களில் விற்றது அதைவிட மோசம். சிலவற்றில் பாதரசம் இருந்தது. அது தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையே கெடுக்கும். 2008 முதல் நம் நாட்டில் ஒப்பனைப் பொருளைச் சந்தைக்கு விடுமுன் சுகாதார அமைச்சின் மருந்தக ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்க வேண்டும். பாதரசம், ஹைட்ரோகுவினோன் கண்டுபிடித்து அறிவிப்பு ரத்தான பொருள்களின் பட்டியலையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். நான் நிர்வாகியான பிறகு அந்தப் பட்டியலை அச்சிட்டுக் கவுண்டரிலேயே ஒட்டினேன். அந்த மாதம் விற்பனை குறைந்தது, மேலிடத்தில் திட்டும் விழுந்தது. ஆனால் ஓர் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, "இதுவும் அதில் இருக்கா பாரும்மா" என்று கேட்டார். இருந்தது.

நம் நிறத்துக்குப் பொருந்தும் பவுண்டேஷன் கேட்டு வருபவர்களிடம் "ஸ்டாக் இல்லை" என்று எத்தனை ஆண்டுகள் சொன்னேன்! ஸ்டாக் இல்லாமல் இல்லை, அப்படி ஒன்றை எங்களுக்கு அனுப்பவே இல்லை. 2017-ல் பாடகி ரிஹானா 40 நிறங்களில் கொண்டுவந்தபோதுதான் மற்ற நிறுவனங்களும் விழித்தன.

"ஐம்பது வயதில் கவுண்டரில் நிற்க முடியுமா?" என்று எதிரணியில் கேட்டீர்கள். முடியாது, தம்பி. என் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. 2002-லேயே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை நின்று வேலை செய்வோருக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. அதைக் காட்டி இரண்டு முக்காலி கேட்டேன். பார்க்க நன்றாயிருக்காது என்றார்கள். என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். 2013-ல் தனியார் துறைக்கும் ஓய்வு வயது 60 என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022-ல் நான் ஓய்வுபெறும் வரை அந்த முக்காலிகளில் என் பிள்ளைகள் முறைவைத்து உட்கார்ந்தார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நானும் உட்காருகிறேன்.