மீன் தலைக்கறி பிறந்த கதை

செட்டிநாட்டு அரியக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகப் போனால் தொண்டியில் கடல். இத்தனை பக்கத்தில் கடல் இருந்தும் எங்கள் பக்கத்துச் சமையலில் மீன் தலைக்குத் தனி மரியாதை கிடையாது. நடுத்துண்டுகள் விருந்தாளியின் இலைக்குப் போகும். சாறு இறங்கட்டும் என்று தலை குழம்பிலேயே கிடக்கும். அருமை தெரிந்தவர் கடைசியில் அள்ளிக்கொள்வார். அந்தத் தலை தனிப் பாத்திரத்தில், தனி விலையோடு நடுமேசைக்கு ஏறியது சிங்கப்பூரில்.

எங்கள் பக்கத்து வணிகர்களான நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே கொடுக்கல் வாங்கலுக்காக அங்கே போனவர்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி எனப்படும் கடைவீடுகளில், பணப்பெட்டி இருக்கும் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதினார்கள். 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். ஊர்ச் சமையலும் கூடவே போனது. ஆனால் தலைக்கறி அவர்கள் அடுப்பில் பிறக்கவில்லை. உண்பவரும் ஊர்க்காரர், சமைப்பவரும் ஊர்க்காரர் என்றால் குழம்பு எதற்கு மாறப்போகிறது?

மாற்றியவர் ஒரு மலையாளி: எம்.ஜே. கோமஸ். 1949 வாக்கில் சோஃபியா ரோட்டில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். சீன வாடிக்கையாளர்களுக்கு மீன் தலை என்றால் உயிர் என்பதைக் கவனித்து, அதைத் தன் ஊர் மசாலாவில் போட்டுப் பார்த்தார் என்பதே வழங்கிவரும் கதை. தனி மரியாதை இல்லாமல் கிடந்ததை ஒருவர் கேட்டார், இன்னொருவருக்குச் சமைக்கத் தெரிந்திருந்தது, பண்டம் பிறந்துவிட்டது.

மலாய்க்காரர்கள் 'ஈக்கான் மேரா' என்னும் சிவப்பு மீனின் தலைதான் பெரும்பாலும் இந்தக் கறிக்கு. புளிக்கரைசல், மல்லி, மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை என்று குழம்பு நம்முடையது. முழு வெண்டைக்காயும் கத்தரிக்காயும் தக்காளியும் அதில் மிதக்கும். சீனச் சமையற்காரர்கள் கைக்குப் போனபோது தலையை முதலில் ஆவியில் வேகவைத்துக் கவிச்சியைப் போக்கினார்கள். காரத்தைக் குறைத்து மண்சட்டியில் பரிமாறினார்கள். சீன-மலாய் மரபுகள் கலந்த பெரானக்கான் வீடுகளில் புளிப்பு தூக்கலானது. ஒரே தலைக்கு இன்று பல வீட்டார் உரிமை கொண்டாடுகிறார்கள். எல்லார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

தமிழர் பங்கு அதை நிலைநிறுத்தியதில் இருக்கிறது. 1969இல் தொடங்கிய முத்துஸ் கறி, 1974இல் வந்த பனானா லீஃப் அப்போலோ ஆகிய இரண்டு உணவகங்களும் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டை இந்தக் கறிக்கே பேர்போன தெருவாக்கின. வாழையிலையில் சோறு, நடுவே ஆவி பறக்கும் தலை, சுற்றிலும் சீனர், மலாய்க்காரர், தமிழர், வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி. இன்று சிங்கப்பூர்க்காரரிடம் உங்கள் ஊர்ச் சாப்பாடு என்ன என்று கேட்டால், சிக்கன் ரைஸ், சில்லி கிராப் வரிசையில் இதையும் சொல்வார்.

போனால் தனியாகப் போகாதீர்கள், ஒரு தலைக்கு மூன்று நாலு பேர் வேண்டும். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கன்னத்தசையைப் பிரித்தெடுங்கள்; தலையிலேயே ருசியான இடம் அதுதான். கண்ணை யார் எடுப்பது என்று மேசையில் போட்டி வந்தால், வயதில் பெரியவருக்கு விட்டுக்கொடுப்பது நல்லது.