முந்தி நிற்கும் நிலம்

இலங்கையில் சிலாபத்திலிருந்து புத்தளத்துக்கு பஸ்ஸில் போகும்போது நடுவே வருகிற ஊர் முந்தல். சிங்களத்தில் முந்தலம. ‘முந்து’ என்றதும் நமக்கு நெரிசல்தான் நினைவுக்கு வரும். இங்கே முந்துவது ஆளல்ல, நிலம். நீருக்குள் நீண்டு நிற்கும் தரைமுனைக்கு முந்தல் என்று பெயர். வேர் ‘முன்’. சேலையின் முந்தானையில் இருப்பதும் அதே ‘முன்’தான்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழமுந்தல், மேலமுந்தல் என்று இரண்டு கடலோர ஊர்கள் உண்டு. அதே கரையில் தனுஷ்கோடியும் இருக்கிறது. ‘கோடி’ என்றால் கடைசி. தரையில் நடந்து வந்தவனுக்கு நிலம் அங்கே தீர்ந்துபோகிறது. படகில் வருகிறவனுக்கோ அதே முனை முதலில் எதிர்ப்படுகிறது. அவனுக்கு அது முந்தல். பெயரை வைத்தவர் எங்கே நின்று பார்த்தார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. முந்தல் நீரிலிருந்து பார்த்த கண்ணின் சொல் என்றே நான் கொள்கிறேன்.

இலங்கை முந்தலின் சுற்றுவட்டாரப் பெயர்களும் இப்படிக் கண்டதைச் சொல்பவைதான். புதிய உப்பளம் புத்தளமாயிற்று என்பது ஒரு கருத்து. ஆனைவிழுந்தானுக்கு உரையே தேவையில்லை. ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பைத் தமிழர் களப்பு என்கிறோம், சிங்களவர் கலப்புவ என்கிறார்கள். களப்போரத்து மரத்துக்குக் கண்டல் என்ற பெயர் சங்க காலத்திலேயே இருந்தது.

இத்தனை பெயர்கள் கிடந்த மண்ணுக்குச் சட்டம் வைத்த பெயர் ஒன்றே ஒன்று: தரிசு. 1840இல் பிரித்தானியர் கொண்டுவந்த 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாவற்றையும், மாற்றுச் சான்று இல்லாதவரை, முடிக்குரியவையாகக் கொள்ளச் சொன்னது. நெல்லும் தென்னையும் இல்லாத இடத்தில் ஒன்றுமே இல்லை என்று எண்ணும் பழக்கம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. கண்டலில் இறால் குஞ்சு வளர்வது எந்தக் கணக்கேட்டில் ஏறும்?

1980களில் இறால் பண்ணைகள் இந்தக் கரைக்கு வந்தன. காட்டில் தானாக வளர்ந்த இறாலைத் தொட்டியில் வளர்ப்பதற்காகக் கண்டலை வெட்டினார்கள். 1990களில் இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோய் வந்தது. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. குழிகளும் வரம்புகளும் மிஞ்சின.

ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,397 ஹெக்டேர். அதற்குள்ளும் கைவிட்ட பண்ணைகள் கிடக்கின்றன, கண்டலை மீட்கும் வேலையும் நடக்கிறது. இலங்கையின் கண்டல் மீட்பை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்னோடி மீட்புப் பணிகளில் ஒன்றாக அறிவித்தது.

கன்றை நட்டால் மட்டும் போதாது. பழைய பண்ணையின் வரம்பை வெட்டி, வற்றும் ஏறும் நீரை உள்ளே விடவேண்டும்; அதற்குப் பிறகுதான் வேர் பிடிக்கும். கரை வெட்டுப்பட்டு நீர் பாய்வதைத் தமிழில் உடைப்பு என்போம். முந்தலுக்குத் தென்மேற்கே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல்கரையில் இருக்கும் தமிழூரின் பெயர் உடப்பு. எனக்கு அதில் அந்தச் சொல்தான் கேட்கிறது.